“முதலில் பொதுப் பிரச்சினை, பெண் பிரச்சினை பிறகு” என்பதில் என்ன தவறு?

வாசகர் ஒருவர் கேட்டது:

“எந்த இயக்கத்துக்குள் பெண்ணியம் பேச ஆரம்பித்தாலும் அது இரண்டாக உடைகிறது. பெண்கள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூலி, நிலம், காடு என்று ஒரு பொதுக் கோரிக்கைக்காகக் கூடியிருக்கும்போது உள்ளே ஆண், பெண் கணக்குப் பார்ப்பது போராட்டத்தைப் பலவீனப்படுத்தாதா? முதலில் பொது எதிரியை ஜெயிப்போம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இதில் என்ன தவறு?”

மார்ச் 3

சுருக்கமான பதில்: அந்தப் ‘பிறகு’வுக்குத் தேதி குறித்துக் கொடுத்த இயக்கம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

நீளமான பதில். 1840இல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் லுக்ரீஷியா மாட் உட்படச் சில பெண்கள் இருந்தார்கள். வருடக்கணக்கில் அடிமை முறைக்கு எதிராக வேலை செய்துவிட்டு, தங்கள் அமைப்புகள் தேர்ந்தெடுத்து அனுப்ப, கடல் கடந்து வந்தவர்கள். அவர்களை உள்ளே உட்கார விடலாமா என்பதைப் பற்றியே முதல் நாள் பெரும்பகுதி விவாதம் நடந்தது. விடக்கூடாது என்று முடிவானது. சொன்ன காரணங்களில் ஒன்று நீங்கள் சொல்வதுதான்: பெரிய நோக்கத்தில் வேறு பிரச்சினையைக் கலக்க வேண்டாம். பெண்கள் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து கேட்டார்கள். தாமதமாக வந்து சேர்ந்த வில்லியம் லாயிட் காரிசன் நேராக அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார். மேடைக்கு வர மறுத்துவிட்டார்.

கணவர் பிரதிநிதியாக வந்ததால் தேனிலவோடு சேர்த்து அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார் எலிசபெத் கேடி ஸ்டான்டன். 1848இல் அவரும் மாட்டும் இன்னும் சிலரும் சேர்ந்து செனகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார்கள். அடிமை ஒழிப்பு இயக்கத்தைப் பிளக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டு வரவில்லை. வேலை செய்ய வந்தவர்களை வேடிக்கை பார்க்க உட்கார வைத்ததால் அவர்கள் வேறு கூட்டம் போட்டார்கள்.

மார்ச் 3, இரவு

“இது நூற்றெண்பது வருடப் பழைய கதை” என்று பதில் வந்திருக்கிறது. சரி, கிட்ட வருவோம்.

அமெரிக்காவின் மான்ட்கோமரியில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு எல்லோருக்கும் தெரியும். களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண் வெள்ளையருக்காக இருக்கையிலிருந்து எழுந்திருக்க மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியார் தலைமை ஏற்றார், வெற்றி. ஆனால் அந்தப் பெண், ரோசா பார்க்ஸ், கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்தவர். 1944இல் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர்கள் கூட்டாக வல்லுறவு செய்தபோது விவரம் சேகரிக்கப் போனவர். 1955 டிசம்பர் 1 அன்று அவர் கைதான இரவிலேயே, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்துத் தள்ளினார். அவருடைய பெண்கள் அரசியல் மன்றம், பேருந்துகளைப் புறக்கணிப்போம் என்று 1954லேயே மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தது. கடைசியில் நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கில் வாதிகளாக நின்ற நான்கு பேரும் பெண்கள்.

புறக்கணிப்பை நடத்தப் புதிய சங்கம் அமைத்ததும் தலைவர் யார், செய்தியாளர்களிடம் பேசுவது யார் என்பதெல்லாம் ஆண் என்று ஒரே மாலையில் தீர்ந்துபோனது. அப்புறம் 1963இல் கறுப்பினத்தவர் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஆர்னால்ட் ஹெட்ஜ்மன். பேசுகிறவர்கள் பட்டியலில் பெண் பெயரே இல்லை என்று கடிதம் எழுதி ஆட்சேபித்தார். கிடைத்தது, டெய்சி பேட்ஸ் என்ற பெண் போராளி சில வரிகள் பேச அனுமதி.

இங்கே எந்தப் பெண்ணும் இயக்கத்தை உடைக்கவில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ‘பிறகு’ என்பது எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையா?

மார்ச் 5

சொந்த அனுபவத்தைக் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, கூட்டங்கள்தான். நான் இருந்த தன்னார்வ அமைப்பில் மினிட்ஸ் எழுதும் வேலை எனக்கு வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். செயற்குழுவில் என்னைவிட அழகாக எழுதுகிற ஆண் ஒருவர் இருந்தார். அவருடைய கையெழுத்தை யாரும் கவனிக்கவில்லை.

மினிட்ஸ் எழுதுகிறவர் பேச முடியாது என்பதை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் சொன்னதை எழுதி முடிக்கும்போது அடுத்த இரண்டு பேர் பேசியிருப்பார்கள். கை தூக்க வேண்டுமென்றால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் பதிவு போய்விடும்.

ஆனால் இதில் ஒரு அதிகாரமும் இருக்கிறது, அது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு தோழி ஒரு யோசனை சொல்வார், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆண் அதையே சொல்வார், “அருமை” என்பார்கள், தீர்மானமாகும். நான் மினிட்ஸில் முதலில் சொன்னவர் பெயரை எழுத ஆரம்பித்தேன். அடுத்த கூட்டத்தில் வாசித்தபோது ஒரு மூத்தவர், “இவ்வளவு விவரம் தேவையா தோழர்?” என்றார். முந்தைய மாதம்வரை யார் முன்மொழிந்தார் என்ற அதே விவரத்தை அவர் விரும்பித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். வரவேற்புரை பெண், தலைமையுரை ஆண், சிறப்புரை ஆண், வாழ்த்துரை நான்கு ஆண்கள், நன்றியுரை பெண். நன்றியுரை வரும்போது அரங்கில் பாதிப் பேர் எழுந்துவிட்டிருப்பார்கள். மேடையில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த தலைப்பு.

இதைவிட முக்கியமானது கூட்டம் முடிந்தபிறகு நடக்கும் கூட்டம். வாசலில் நின்று பேசுவார்களே, அது. வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ இருக்கிற பெண்கள் அதற்குள் கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை வரும்போது “அதான் பேசியாச்சே” என்ற பதில் காத்திருக்கும். எந்த விதியும் பெண்களைத் தடுக்கவில்லை. முடிவு எடுக்கிற இடம் மட்டும் மேஜையிலிருந்து வாசலுக்கு நகர்ந்துவிட்டது.

மார்ச் 6

“எங்கள் அமைப்பில் மகளிர் அணி இருக்கிறதே” என்பவருக்கு: இருக்கும். நாளை மறுநாள் மிகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கும். ஒன்பதாம் தேதி என்ன வேலை என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மார்ச் 9

ஒருவரும் கேட்டுச் சொல்லவில்லை.

வேறொருவர், “அப்படியானால் பெண்கள் தனி இயக்கமே நடத்திவிட்டுப் போகட்டும், அங்கே எல்லாம் ஜனநாயகமாக இருக்கும்தானே?” என்கிறார். கிண்டல்தான், ஆனாலும் கேள்வி சரியானது. பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம் 1903இல் தொடங்கியது. 1907இல் அதன் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட் ஆண்டு மாநாட்டை ரத்து செய்து, நிர்வாகத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். வாக்குரிமைக்காகச் சிறை போகிறவர்களுக்குத் தங்கள் சங்கத்தில் வாக்கு இல்லை! சார்லட் டெஸ்பார்ட் முதலானவர்கள் வெளியேறிப் பெண்கள் விடுதலைக் கழகம் தொடங்கினார்கள். 1914 தொடக்கத்தில் எம்மலினின் சொந்த மகள் சில்வியாவே வெளியேற்றப்பட்டார். கிழக்கு லண்டனின் உழைக்கும் பெண்களோடும் தொழிலாளர் இயக்கத்தோடும் சேர்ந்து வேலை செய்தார் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே பெண்கள் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று கேட்கிறேன். அந்தக் கேள்வி பெண்கள் அமைப்புக்கும் பொருந்தும்.

மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்றாம் தேதி எழுதியதையும் படித்தேன். ஸ்டான்டனை அங்கே கொஞ்சம் சுலபமாக விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபிறகு, முதலில் யாருக்கு வாக்குரிமை என்ற சண்டை வந்தது. கறுப்பின ஆண்களுக்கு வாக்கு கொடுக்கும் 15வது அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரிப்பதா என்பதில் 1869இல் பெண்ணுரிமை இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்டான்டனும் சூசன் பி. அந்தோணியும் எதிர்த்தார்கள். ஸ்டான்டன் அப்போது கறுப்பின ஆண்களையும் குடியேறிகளையும் பற்றிச் சொன்னவை படிக்கவே கூசும். செனகா ஃபால்ஸில் வாக்குரிமைத் தீர்மானம் தோற்றுவிடும் போல இருந்தபோது எழுந்து ஆதரித்துப் பேசிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ்தான் இப்போது எதிர்த்தரப்பில் நின்றவர். கேள்வி கேட்டவர் இந்தப் பிளவைத்தான் மனதில் வைத்திருந்தார் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் இரண்டு தரப்பும் பேசிய விதத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பினத்தவர் என்றால் ஆண், இன்னொரு பக்கம் பெண் என்றால் வெள்ளையர். கறுப்பினப் பெண் யார் கணக்கில்? கறுப்பினக் கவிஞர் பிரான்செஸ் ஹார்ப்பர் 1866லேயே ஒரு மாநாட்டு மேடையில், நீங்கள் உரிமை பற்றிப் பேசுகிறீர்கள், நான் எனக்கு நடந்த அநீதிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்ற பொருளில் வெள்ளைப் பெண்களிடம் நேராகச் சொன்னார். 1913இல் வாஷிங்டனில் வாக்குரிமை ஊர்வலம் நடந்தபோதும் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைக் கடைசியில் வரச் சொன்னார்கள், தென் மாநிலத்து வெள்ளைப் பெண்கள் மனம் கோணக் கூடாதென்று. அவர் ஒப்புக்கொள்ளாமல், ஊர்வலம் நகர்ந்தபோது கூட்டத்திலிருந்து வந்து இல்லினாய் அணியோடு சேர்ந்து நடந்தார்.

‘பிறகு பார்ப்போம்’ என்பது ஆண்கள் மட்டும் பேசுகிற வசனம் இல்லை. நமக்குக் கீழே யாராவது இருந்தால் நாமும் பேசிவிடுவோம்.

மார்ச் 14

“எல்லாம் வெளிநாட்டு உதாரணம்” என்று மூன்று பேர். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நடந்ததைச் சொல்கிறேன். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை எதிர்த்த அதே மூச்சில் தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்தார்கள். கட்சிக்காரர்களைக் கிட்ட விடவில்லை, ஆண்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வி.எஸ். அச்சுதானந்தன் போன்ற ஓரிருவருக்கு மட்டும் விதிவிலக்கு. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வந்தது. ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது.

கேள்வி கேட்டவரின் கணக்குப்படி இது ஒற்றுமையைக் குலைத்த வேலை. கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள், அவர்களுக்காகப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் ஆண்கள். இந்த ஏற்பாட்டைத்தான் ஒற்றுமை என்கிறோம்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும், அது அவ்வளவு இனிப்பு இல்லை. கூலி உயர்வுப் பேச்சு தோட்டத் தொழிலாளர் கமிட்டிக்குப் போனது. அங்கே நாற்காலி அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களுக்குத்தான். சாலையில் உட்கார்ந்தவர்கள் வெளியே, அவர்கள் விரட்டிய சங்கங்கள் உள்ளே. பெம்பிளை ஒருமைக்குள்ளும் பிணக்குகள் வந்தன. தெருவில் ஜெயிப்பது ஒரு வேலை, பதிவு எண்ணோடு மேஜைக்கு வருவது வேறொரு வேலை. இரண்டாவது வேலைக்கு எந்த இயக்கமும் பெண்களைத் தயார் செய்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

மார்ச் 15

இன்னொன்று. ‘பொதுக் கோரிக்கை’ என்கிறோமே, அது யாருக்குப் பொது? இமயமலைக் கிராமங்களின் மரம் காக்கும் போராட்டமான சிப்கோவில் 1974 மார்ச்சில் ரேனி கிராமத்துப் பெண்கள் கௌரா தேவி தலைமையில் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தார்கள். ஊர் ஆண்கள் இழப்பீடு வாங்க வேறு ஊருக்குப் போயிருந்த நாள் அது. இது பரவலாகத் தெரிந்த கதை. தெரியாத கதை அதே மலைப்பகுதியின் டுங்ரி பைந்தோலி கிராமம். அங்கே ஊராட்சியில் இருந்த ஆண்கள் ஓக் காட்டை வெட்டச் சம்மதித்தார்கள். பதிலுக்குச் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி, மின்சாரம் என்று பேச்சு. விறகும் தழையும் சுமக்கிற பெண்கள், காடு போனால் இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எதிர்த்தார்கள். ஆண்கள் கேட்டதும் நியாயமான வசதிகள்தான். ஆனால் ஊரைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்று ஊராட்சி சொன்னால், ஊரில் பாதியைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 21

தனிமடலில் வந்த கேள்வி, பெயர் சொல்லாமல் பதில் எழுதச் சொல்கிறார். அமைப்புக்குள் ஒரு மூத்தவரின் பாலியல் தொல்லை. புகார் சொன்னால் “எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே” என்கிறார்களாம்.

இந்த வாக்கியம் எனக்கும் பழக்கம். நான் இருந்த இடத்தில் ஒரு இளம்பெண் புகார் சொன்னார். மூன்று மூத்தவர்கள் உட்கார்ந்து ‘பேசி முடித்தார்கள்’. அந்தப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த ஆள் அடுத்த மாதமே ஒரு கூட்டத்தில் சமத்துவம் பற்றிப் பேசினார், நல்ல பேச்சு வேறு. பேசி முடித்தவர்களில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்வது. அமைப்பைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள்.

மறைத்தால் பெயர் தப்பும் என்பது கணக்காகவும் தப்பு. ஹைட்டியில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவன ஊழியர்களின் பாலியல் முறைகேடுகளை அந்த அமைப்பு 2011இல் உள்ளுக்குள் விசாரித்து, முழு விவரத்தை வெளியே சொல்லாமல் விட்டது. 2018இல் செய்தி வெடித்தபோது ஆயிரக்கணக்கான நன்கொடையாளர்கள் விலகினார்கள். நடந்த குற்றத்தைவிட மறைத்ததற்கே அதிகம் பேச்சு வாங்கினார்கள்.

இந்தியாவில் இருப்பவர் என்றால் சட்டம் உங்கள் பக்கம். ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை செய்த பன்வாரி தேவி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, பிறகு 2013 சட்டம். வேலையிடத்தில் பெண் பாதுகாப்பு என்கிற மொத்தமும் ஒரு களப்பணியாளருக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்கியது. அதே களப்பணி அமைப்புகள் பலவற்றில் இன்றும் புகாரை விசாரிக்கும் குழு கிடையாது. சட்டத்தில் அறக்கட்டளை, சங்கம், தொண்டு நிறுவனம் எல்லாம் வேலையிடம்தான். சம்பளம் இல்லாத தன்னார்வலரும் ஊழியர் என்ற வரையறைக்குள் வருவார். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம்: தலைமை பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆகவே ‘பேசி முடிப்பவர்கள்’ இழுத்தடித்தால் தேதியைக் குறித்து வையுங்கள்.

மார்ச் 22

“கட்சிகளுக்கும் இது பொருந்தும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு நேராக இல்லை. கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை, அதனால் குழு அமைக்கக் கட்டாயமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. பெண்கள் அதிகமாகத் தேவைப்படுகிற தேர்தல் நேரத்தில் இதை யாராவது கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 2

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் விவாதம் “தலைவர்களே வேண்டாம், எல்லோரும் சமம் என்று நடத்தினால் தீர்ந்துவிடும்” என்ற இடத்துக்கு வந்திருக்கிறது.

தீராது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணியக் குழுக்கள் இதைச் செய்து பார்த்தன. ஜோ ஃப்ரீமன் உள்ளே இருந்து பார்த்து எழுதினார்: அமைப்பு இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. எழுதிய விதி இல்லையென்றால் எழுதாத விதி இருக்கும், அது நண்பர் வட்டத்துக்கு மட்டும் தெரியும். தலைவர் இருந்தால் நீக்கலாம், தலைவரே இல்லை என்று சொல்கிற தலைவரை எப்படி நீக்குவது?

எல்லா பெரியவர்களும் போகட்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்கக் கறுப்பின உரிமை இயக்கத்தின் எலா பேக்கர் 1960இல் மாணவர்களைக் கூட்டிச் சேர்த்து, மூத்த தலைவர்களின் அமைப்புக்குக் கிளையாகிவிடாதீர்கள், நீங்களே நடத்துங்கள் என்றார். அவர் அதற்கு முன் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பில் நிர்வாகத்தை நடத்தியவர், தற்காலிகப் பொறுப்பு என்ற பெயரில்! அவர் பேசியதைவிட மற்றவர்களைப் பேசவைத்தது அதிகம் என்பார்கள். அந்த வேலைக்குச் சிலை வைக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 3

தாய்மை பற்றி வந்த பின்னூட்டத்துக்கு. “தாய்மார்களாக வந்தால் யாரும் எதிர்க்க மாட்டார்கள், பெண்ணியம் என்றால்தான் சிக்கல்.” அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு மாயோ சதுக்கத்தில் 14 தாய்மார்கள் கூடினார்கள். கூடி நிற்கக் கூடாது என்று போலீஸ் சொன்னதால் நடக்க ஆரம்பித்தார்கள், இன்றுவரை வியாழக்கிழமை நடை தொடர்கிறது. தாய் என்ற அடையாளம் அவர்களுக்கு முதலில் கொஞ்சம் இடம் கொடுத்தது உண்மை. ஆட்சியாளர்கள் பைத்தியங்கள் என்று சொல்லி ஒதுக்கியதும் அதனால்தான். ஆனால் அதே டிசம்பரில் அவர்களை ஒருங்கிணைத்த அசுசேனா வில்லாஃப்ளோரைக் கடத்திக் கொன்றார்கள். ‘தாய்’ என்பது கேடயம் என்று நம்புகிறவர்கள் அந்த டிசம்பரையும் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 11

கேள்வியைத் தொடங்கிய வாசகர் திரும்ப வந்திருக்கிறார். “வாதம் போகட்டும், எங்கள் சங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று தீர்மானம் போடலாமா? அது போதுமா?”

போடுங்கள், நிச்சயம் போடுங்கள். போதுமா என்றால், எந்தப் பதவிகள் என்று பாருங்கள். துணைத்தலைவர் இரண்டு பேர், இணைச் செயலாளர் இரண்டு பேர் என்று புதிதாக நாற்காலி செய்து பெண்களை உட்கார வைத்தால் எண்ணிக்கை வந்துவிடும், வேறு எதுவும் மாறாது. பொருளாளர் பதவியைக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் வேலை செய்கிறவர்களின் விகிதத்துக்கு ஏற்பப் பெண்கள் இருக்கட்டும், இரண்டு பேருக்குக் குறையாமல். தனியாகப் போனவரை ஓரம் கட்டுவது சுலபம்.

மினிட்ஸ், நாற்காலி எடுத்துப் போடுவது, வந்தவர்களைக் கவனிப்பது, இவற்றுக்கு முறை வைத்து மாற்றுங்கள், பட்டியலை எழுதி ஒட்டுங்கள். பேசுகிற வரிசையை ஒருவர் குறித்துக்கொண்டு, இதுவரை பேசாதவருக்கு முதல் வாய்ப்பு கொடுக்கட்டும். 2011இல் ‘வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்’ போராட்டத்தில் நியூயார்க்கில் இப்படிச் செய்தார்கள், எரிச்சல் கிளப்பியது, ஆனால் வேலை செய்தது.

கூட்டம் முடியும் நேரத்தை அழைப்பிதழிலேயே போடுங்கள். அதற்குப் பிறகு வாசலில் எடுக்கிற முடிவு எதுவும் செல்லாது என்று உங்கள் விதிகளில் ஒரு வரி சேர்த்தால், முதல் ஆட்சேபம் யாரிடமிருந்து வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.